போர்க்காலத்தில் ஒரு மாட்டு வைத்தியர் இல்லம்

(கால்நடைத் துறை அலுவலர்களும் பொருளாதாரம் பயிலும் மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



‘கால்நடை நலமும் கிராமப் பொருளாதாரமும்’ என்ற தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இத்தலைப்பில் பேச வருபவர்கள் வழக்கமாகக் கால்நடைக் கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்குவார்கள். 2019-ஆம் ஆண்டின் இருபதாவது கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட பசு, எருதுகள் இருந்தன என்று நானும் தொடங்கியிருக்கலாம். ஆனால் மாடுகளை எண்ணி வைத்த அளவுக்கு, அம்மாடுகளின் உயிரைக் காத்த உழைப்பை நாம் எண்ணி வைத்ததில்லை. ஆகவே கணக்கெடுப்பைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் பாறசாலைக்கு அருகில் ஒரு சிற்றூரில் இருந்த மாட்டு வைத்தியர் ஒருவரின் வீடு அது. அவர் என் தாயைப் பெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் ‘பாட்டா’. ஊரார் அவரை ‘ஆசானே’ என்றுதான் அழைப்பார்கள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். இன்று பாறசாலை கேரளத்தின் தென்கோடி. அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. போர்க்காலத்தில் இந்த எல்லை கிடையாது. அப்போது இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானம். எல்லை கிழக்கே ஆரல்வாய்மொழியில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர்கள் இவை. பெண் கொடுத்தலும் மாடு வாங்குதலும் இரு பக்கமும் உண்டு. மாடுகளுக்கு வந்த நோய்களும் எந்தக் கோட்டையும் மதித்ததில்லை.

மனிதர்களின் மருத்துவத்தைப் பொறுத்தவரை இப்பகுதி அன்றே பிற்பட்டிருக்கவில்லை. நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இடம்பெற்ற டாக்டர் சோமர்வெல் அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தின் கிராம முன்னேற்ற நிலையம் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் முயற்சியால் 1920-களிலேயே தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் குடியானவர்களுக்குக் கற்பித்து வந்தது. மாட்டுக்கு நோய் வந்தால் என்ன செய்வது? பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர்கள் மிகச் சிலர். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தொடங்கப்பட்டதுதான். ஆயினும் 1928-ல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான இராயல் கமிஷன், 25,000 மாடுகளுக்கு ஓர் உதவிக் கால்நடை மருத்துவராவது வேண்டும் என்று சொன்னபோது அதுவே எட்டாத இலக்காகத் தோன்றிற்று. போர் வந்ததும் பட்டதாரிகளில் பலர் இராணுவத்தின் கால்நடைப் படைப்பிரிவில் சேர்ந்தனர். பர்மாக் காட்டில் லாரி போக முடியாத இடத்தில் கோவேறு கழுதைதான் போயிற்று. வின்கேட் தளபதியின் சிந்திட் படையினர், பகைவருக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று அக்கழுதைகளின் குரல் நாண்களை அறுவை செய்து ஊமையாக்கினர். கால்நடை மருத்துவம் அந்தப் பணிக்கும் தேவைப்பட்டது.

ஊரில் எஞ்சியவர்கள் என் பாட்டாவைப் போன்றவர்கள். அவர் பள்ளியில் படித்தது சொற்பம். தாய்மாமனிடம் கற்ற தொழில். வீட்டின் மேற்குப் புறத்தில் ஒரு சாய்ப்பு. அதில் நோயுற்ற மாடு கட்ட இரண்டு முளைகள். மூங்கில் குழாய், மருந்து இடிக்கும் உரல், வேப்பெண்ணெய், புங்க எண்ணெய்ச் சாடிகள். இவ்வளவே மருத்துவமனை. ஆனால் அதை நடத்தியவர் பாட்டா மட்டும் அல்லர். மருந்து இடித்தவர் என் பாட்டி. இரவில் வந்தவருக்குக் கதவு திறந்து, எந்த மாடு, எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, சாணம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவரும் அவரே. சாய்ப்பில் கட்டிய மாட்டுக்குப் புல்லறுத்தவர்கள் என் தாயும் அவருடைய தமக்கையும். அவர்களுக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை.

பாட்டி ஒரு கணக்கு நோட்டும் வைத்திருந்தார். நான் பட்ட மேற்படிப்புப் படிக்கும்போது அதை அவரிடமே உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டேன். அதில் எல்லாம் கொல்லம் ஆண்டில்தான். பணம் என்றால் சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் சக்கரம் என்ற சொல்லே அந்த நோட்டில் அபூர்வம். தேங்காய், நெல், ஒரு நாள் ஓலை முடைந்த வேலை, ஒரு கூடைச் சாணம் என்றுதான் வரவு இருந்தது. வைத்தியத்துக்குக் கூலி கேட்பது வழக்கமில்லை, அறுவடையில் கொடுப்பார்கள். பொருளாதார மாணவர்கள் இதைப் பண்டமாற்று என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். என் கருத்தில் இது கடன். நோய் வரும் நாளில் சேவை, விளைச்சல் வரும் நாளில் விலை. இடைப்பட்ட மாதங்களில் வைத்தியர் வீடு ஊருக்குக் கடன் கொடுத்து வந்தது. அதற்கு வட்டி கிடையாது.

இந்த ஏற்பாட்டைப் போர் எப்படிக் குலைத்தது என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. இங்கே குண்டு எதுவும் விழவில்லை. 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது; அவ்வளவுதான். திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்கு வெளியிலிருந்து வரும் அரிசியை, சிறப்பாகப் பர்மா அரிசியை, நம்பியிருந்தது. தென்னையும் மிளகும் இரப்பரும் பயிரிட்டு, அதை விற்று, அரிசி வாங்கிய நாடு அது. கப்பல் நின்றதும் அரிசி நின்றது. திவான் சர் சி.பி. இராமசாமி அய்யரின் நிர்வாகம் நகரம், கிராமம் என்று பாராமல் எங்கும் உணவுப் பங்கீட்டைக் கொண்டுவந்தது. அந்நாளில் இந்தியாவின் பெரும்பகுதியில் நகரங்களுக்கு மட்டுமே பங்கீடு இருந்ததை நோக்க, இது குறிப்பிடத்தக்க நடவடிக்கை. ஆயினும் பட்டினியும் சத்துக்குறை நோய்களும் சமஸ்தானத்தைத் தாக்கின. ‘சர்வண்ட்ஸ் ஆஃப் இந்தியா’ சங்கத்தைச் சேர்ந்த கே.ஜி. சிவசாமி 1943-44-ஆம் ஆண்டுகளின் அவதியை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். வங்கப் பஞ்சத்தைப் பற்றி அறிந்தவர்களில் பலர் திருவிதாங்கூரை அறியமாட்டார்கள்.

மாட்டுத் தொழுவத்தில் இது எப்படித் தெரிந்தது? கஞ்சித் தண்ணீரில் தெரிந்தது. சோறு வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய நீரும் தவிடும்தான் அங்குப் பசுவின் அன்றாட ஊட்டம். அரிசி குறைந்ததும் கஞ்சித் தண்ணீரை மனிதர் குடித்தனர். தவிட்டை மனிதர் தின்றனர். தேங்காய்ப் புண்ணாக்கின் விலை ஏறிற்று. மனிதரும் மாடும் ஒரே பானையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த ஒரு வாழ்க்கையில் பானை சிறுத்தால், முதலில் மெலிவது மாடு. எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் இந்தக் கஞ்சித் தண்ணீர் வருவதில்லை.

அரிசியின் இடத்துக்கு மரச்சீனி வந்தது. விசாகம் திருநாள் மன்னர் 1880-களில் ஊக்குவித்துப் பரப்பிய இக்கிழங்குதான் போர்க்காலத்தில் தென் திருவிதாங்கூரின் உயிரைப் பிடித்து வைத்தது. காலியிடம் என்று இருந்த இடமெல்லாம் மரச்சீனி நட்டார்கள். மேய்ச்சல் நிலமும் அதில் போயிற்று. கிழங்கை மனிதர் தின்றால், தோலும் இலையும் மாட்டுக்கு. இங்கேதான் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. மரச்சீனியின் இலையிலும் தோலிலும் லினமாரின் என்ற பொருள் உண்டு. இலையை மெல்லும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படுகிறது. இரத்தத்தில் உயிர்வளி இருந்தும் உடலின் அணுக்கள் அதைப் பயன்படுத்த இயலாமல் போகும். இளந்தளிரில் நஞ்சு மிகுதி. மழையில்லாத காலத்தில் மேலும் மிகுதி. சிறிது சிறிதாகத் தின்று பழகிய மாடு தாங்கிக்கொள்ளும். பசியோடு அவிழ்த்துவிடப்பட்ட மாடு ஒரே மூச்சில் மேய்ந்தால் சில மணி நேரத்தில், சில வேளை அதற்கும் முன்னரே, விழுந்துவிடும்.

கொல்லம் 1119-ஆம் ஆண்டு, அதாவது 1943-ன் பிற்பகுதியில், அப்படி ஒரு பசு விழுந்தது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் பசு, மூன்று பிள்ளைகள், அந்தப் பாலை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. பாட்டா போய்ப் பார்த்தார். வயிறு உப்பியிருந்தது, வாயில் நுரை. வயிற்று உப்புசம் என்று முடிவு செய்து, எண்ணெயும் இஞ்சியும் பெருங்காயமும் மூங்கில் குழாயால் புகட்டினார். பசு அவர் கைக்குள்ளேயே இறந்தது. சயனைடு நஞ்சுக்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் மாற்று என்பதை 1930-களிலேயே அறிவியல் உலகம் கண்டிருந்தது. இதில் தயோசல்பேட் என்பது புகைப்படம் கழுவுகிறவர்கள் ‘ஹைப்போ’ என்று வைத்திருந்த அதே உப்பு. ஆனால் நரம்பில் ஊசி போடும் கருவியோ, போடக் கற்ற கையோ அந்த ஊரில் இல்லை. பாட்டாவுக்கு அது நஞ்சு என்பதே அன்று தெரியாது. அடுத்த சில வாரங்களில் இதே போல் மேலும் இரண்டு மாடுகளைக் கண்ட பிறகுதான், மூன்று வீட்டிலும் முதல் நாள் கிழங்கு பிடுங்கியிருந்தார்கள் என்பதைப் பாட்டி கவனித்துச் சொன்னார். இரவில் கதவு திறந்து விசாரித்தவர் அவரல்லவா?

இறந்த பசுவின் சொந்தக்காரி ஒரு குறையும் சொல்லவில்லை. பாட்டாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. தம் வீட்டில் நின்ற கிடாரியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். வீட்டில் நான்கு குழந்தைகள். அந்தக் கிடாரி ஈன்றால் வரும் பால் அவர்களுக்கு. பாட்டி ஒப்பவில்லை. இருவரும் பல நாள் பேசிக்கொள்ளவில்லை என்று என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசியில் பாட்டியே ஒரு வழி கண்டார். கிடாரியை வாரத்துக்கு விட்டார். வளர்ப்பவர் தீனி போட்டு வளர்ப்பது, பால் வளர்ப்பவருக்கு, முதல் கன்று உடைமையாளருக்கு. இந்த வாரமுறை நம் நாட்டின் பல பகுதிகளில் இருந்தது, இன்றும் உள்ளது. கால்நடைக் காப்பீடு என்ற சொல்லைக் கேள்விப்படாத ஒரு பெண், இழப்பை இரு வீடுகளுக்கிடையே பங்கிட்ட முறை அது. நான் அதைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டின் செலவை நான்கு குழந்தைகளின் பால் சுமந்தது. அவர்களில் ஒருவர் என் தாய்.

அதன் பிறகு பாட்டா வீடு வீடாகச் சென்று, மரச்சீனித் தோலை அறுத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வைத்த பின்னரே மாட்டுக்குப் போட வேண்டும் என்று சொல்லி வந்தார். அறிவியல் அடிப்படையிலும் இது சரியே. உலர்த்தும்போது நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது 1963-ல்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தவற்றின் விலையாக அவ்வூர் அதைக் கற்றது.

இனி, சற்றுச் சங்கடமான ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் பாலின் விலை ஏறிற்று. பால் விலை ஏறினால் கன்றின் பங்கு குறையும். நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வயல்கள் சிறியவை. உழவு மாட்டின் தேவை குறைவு. காளைக் கன்றை வளர்த்துப் பயனில்லை. பசுவைக் கொல்வது பாவம் என்று நம்பிய அதே வீடுகளில் காளைக் கன்றுகள் ‘நோயில்’ இறந்தன. 1970-களில் அமெரிக்க மானிடவியலறிஞர் மார்வின் ஹாரிஸ் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இதை நேரில் ஆராய்ந்தார். கன்றுகளைக் கொல்வதில்லை என்று எல்லா உழவரும் உறுதியாகச் சொன்னார்கள். ஆனால் காளைக் கன்றுகளின் இறப்பு கிடாரிக் கன்றுகளினுடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கன்றின் கழுத்தில் முக்கோணக் கட்டை கட்டுவார்கள். அது பால் குடிக்கப் போனால் கட்டை மடியில் குத்தும், தாய் உதைக்கும். பின்னர் ஹாரிஸ், ஏ. வைத்தியநாதன், கே.என். நாயர் மூவரும் சேர்ந்து, உழவு மாடு மிகத் தேவைப்படும் வட இந்தியப் பகுதிகளில் ஆண், பெண் விகிதம் தலைகீழாக இருப்பதைக் காட்டினர். பேராசிரியர் கே.என். ராஜும் வி.எம். தாண்டேகரும் ‘மிகை மாடுகள்’ பற்றி நடத்திய விவாதத்தை மாணவர்கள் அறிந்திருப்பீர்கள். அதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாட்டு வைத்தியருக்கு இது தெரியாதா? பாட்டாவுக்கு நன்றாகவே தெரியும். மெலிந்த கன்றைக் காட்ட அழைப்பார்கள். அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கன்றுக்கு எத்தனை காம்பு விடுகிறீர்கள்?” பதில் வராது. அவரும் மேலே கேட்கமாட்டார். ஏதோ ஒரு கஷாயம் சொல்லிவிட்டு வருவார். அந்தக் கஷாயத்துக்கு நோட்டில் வரவு எழுதப்படவில்லை. அவ்வீட்டுக் குழந்தைகளும் அந்தப் பாலை நம்பித்தான் இருந்தன என்பது அவருக்குத் தெரியும். அவர் செய்தது சரியா தவறா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். களப்பணிக்குப் போகும் உங்களில் பலர் இதே கேள்வியை வேறு உருவில் எதிர்கொள்வீர்கள்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் இராணுவத்தின் இறைச்சித் தேவைக்காக நல்ல மாடுகளும் வெட்டப்பட்டு வந்தன. 1944-ல் அரசே விழித்துக்கொண்டு, உழைப்புக்கு உகந்த 3 முதல் 10 வயது வரையிலான எருதுகளையும், பால் தரக்கூடிய பசுக்களையும், சினைப் பசுக்களையும் வெட்டலாகாது என்று கட்டுப்பாடு விதித்தது. போர் முடியும் தறுவாயில்தான் மாடு ஒரு மூலதனம் என்பது நினைவுக்கு வந்தது போலும்.

பெருநோயான வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் புகுந்தால் தொழுவங்களையே காலி செய்துவிடும் நோய் அது. முக்தேசுவர் ஆய்வகத்தில் 1920-களில் ஜே.டி. எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் பழக்கி, அதிலிருந்து தடுப்பு மருந்துக்கு வழி கண்டார். பனிக்கட்டி வைத்த குடுவையில் அதைக் கொண்டுவர வேண்டும். போட்ட பின் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், பால் குறையும். பாட்டா இதை முதலில் எதிர்த்தார். ‘நோயில்லாத மாட்டுக்கு நோயை ஊற்றுகிறார்கள்’ என்பது அவர் வாதம். 1954-ல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் அவர் மனம் மாறியது. பக்கத்து ஊரில் ஊசி போட்ட தொழுவங்கள் தப்பியதைக் கண்டதுதான் காரணம். பின்னர் தடுப்பூசிப் பணியாளருடன் அவரே வீடு வீடாகச் சென்றார். ஊசி போட்டவரை ஊர் அறியாது. உடன் வந்த ஆசானை அறியும். இந்தியாவில் கடைசி வெக்கை 1995-ல் காணப்பட்டது. 2011-ல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதகுலம் ஒழித்த நோய்கள் இரண்டே. பெரியம்மை ஒன்று, இது மற்றொன்று.

இந்த வீட்டை நினைக்கும்போது எனக்கு இன்னொரு வீடும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் யார்க்ஷயரின் திர்ஸ்க் ஊரில் 1940-ல் ஆல்பிரட் வைட் என்ற இளம் கால்நடை மருத்துவர் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணம். அதன் பின் விமானப்படை. பிற்காலத்தில் ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் அவர் எழுதிய கதைகளை உலகம் படித்தது. அவரிடம் பட்டமும் மோட்டார் காரும் தொலைபேசியும் இருந்தன. என் பாட்டாவிடம் மூங்கில் குழாய்தான் இருந்தது. ஆயினும் மருத்துவமனையும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த அமைப்பு இரண்டுக்கும் பொது.

இங்கேதான் பொருளாதாரம் பயில்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. நம் தேசிய வருமானக் கணக்கில், வீட்டுக்கே வைத்துக்கொண்ட பாலுக்கும் மதிப்பு உண்டு. சாணத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் மருந்து இடித்தது, இரவில் விசாரித்தது, மூன்று மாடுகளின் சாவுக்கும் பொதுக் காரணத்தைக் கண்டது, இவற்றுக்கு இடமில்லை. 2019-ன் காலப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதைக் காட்டிற்று. 2024-ன் ஆய்வில் இவை 289, 88 என்றாயின. அந்த நிமிடங்களை அளக்கத் தொடங்கியதே முன்னேற்றம்தான்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 1976-ல் தேசிய வேளாண்மைக் கமிஷன் 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் என்ற இலக்கை வைத்தது. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் குழுச் சட்டத்துக்குப் பின், பதிவு பெறாத என் பாட்டாவைப் போன்றவர் இன்று தொழில் நடத்த முடியாது, அது நியாயமே. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரவேண்டும். ஒரு இலட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி என்பது திட்டம். கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் 2019 முதல் தேசியத் தடுப்பூசித் திட்டம் நடைபெறுகிறது. ஆனால் ஓர் இலட்சத்துக்கு ஓர் ஊர்தி என்றால், இரவு பதினொரு மணிக்கு விழுந்த பசுவுக்கு முதல் ஒரு மணி நேரம் இன்னும் வீட்டாரின் கையில்தான். மரச்சீனித் தோல் இன்றும் மாட்டைக் கொல்கிறது. அதற்கு மாற்று மருந்து சில நிமிடங்களில் வேண்டும்.

ஆகவே நெய்யாற்றின்கரை, விளவங்கோடு ஆகிய இரு வட்டங்களிலும் பணியாற்றும் அலுவலர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தயோசல்பேட்டும் நைட்ரைட்டும் ஒவ்வொரு கிளை மருந்தகத்திலும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று இந்த மாதமே பாருங்கள். கோமாரித் தடுப்பூசி முகாமின் நாட்களை இரு மாநில அலுவலர்களும் கலந்து பேசி ஒரே வாரத்தில் வையுங்கள். பாறசாலைத் தொழுவத்தில் ஊசி போட்ட மாடும் களியக்காவிளைத் தொழுவத்தில் ஊசி போடாத மாடும் மாலையில் ஒரே குளத்தில்தான் தண்ணீர் குடிக்கின்றன. முகாமுக்குப் போகும்போது வீட்டு ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். தொழுவத்துக்குள் நிற்பவரிடம், மாடு நேற்று என்ன தின்றது என்று கேளுங்கள்.